மூன்று வண்டிகளின் திரை

மேலப்பாளையம்,
1909 மார்ச் 12, வெள்ளிக்கிழமை.

என் மச்சான் காஜா முகைதீன் அவர்களுக்கு மைதீன் பாத்திமா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் நம் மகள் சித்தி ஜனாபாவும் அல்லாஹ் கிருபையில் சுகம். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. மற்றபடி ஊருக்கும் குறைவில்லை.

நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய மோட்டார் வண்டி செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகை நேரத்தில் வந்து சேர்ந்தது. என் தம்பி சேக் முகம்மது தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலிலிருந்து இறக்கி வந்தான். ஓட்டி வந்தவன் முப்பிடாதி. பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வண்டி பழகியவன். நாற்பது ரூபாய்ப் பட்டு உடுத்தின மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தான். தறியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார்கள். சித்தி ஜனாபா கூட்டத்துக்குள் புகுந்து ஓடினாள். "வாப்பா உள்ள இருக்காவளா மாமா?" என்று கேட்டாள். தம்பி அவளைத் தூக்கிக் காலி இருக்கையைக் காட்டினான். அவளுக்கு ஒன்பது வயதாகிறது. உங்கள் முகம் அவளுக்கு மறக்கத் தொடங்கியிருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். பெருநாள் போய் இரண்டு மாதம் கழித்து வண்டி வந்திருக்கிறது. வண்டியிடம் நான் கோபித்துக்கொள்ள முடியுமா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பின் இருக்கையைச் சுற்றிப் பித்தளை வளையத்தில் திரை போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். தனியாக இருக்கிற ஆம்பிளைக்குத் திரை எதற்கு? நான் ஏறுவேன் என்று நினைத்துத்தானே தைக்கச் சொல்லியிருப்பீர்கள். இடது பக்கத் திரையில் மட்டும், இருக்கையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் ஒரு கிழிசல். கோழிக்கால் போலக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருக்கிறது. அந்தத் தையல்காரன் கைக்கு மோதிரம் போடலாம். நானும் ஊசி பிடிக்கிறவள்தான், எனக்கு அப்படி வராது.

நேற்று தம்பி முன்னால் உட்கார, நாங்கள் இருவரும் திரைக்குள் இருந்து ஆற்றுப் பாலம் வரை போய் வந்தோம். பச்சை வண்டி என்று ஊரில் பெயராகிவிட்டது. அரபு எழுத்தில், அரபுத்தமிழாகத்தான் எழுதுகிறேன். உங்கள் கடைக் கணக்கப்பிள்ளையால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்: திரைக்குள் உங்களுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன்.

உங்கள்
மைதீன் பாத்திமா.


கொழும்பு, புறக்கோட்டை,
1909 ஏப்ரல் 4.

மைதீன் பாத்திமாவுக்கு ஸலாம். கடிதம் கிடைத்தது, சந்தோஷம்.

மேலப்பாளையத்தில் வேறு யார் வீட்டிலும் மோட்டார் இல்லை என்பதை நினைவில் வை. அதை வெயிலில் போடாமல் தொழுவத்தை இடித்துக் கொட்டகை கட்டச் சொல். திரைத் துணியை நானே கடையில் நின்று பார்த்து வாங்கினேன். உன்னைத் தவிர வேறு ஒரு பெண்ணின் மூச்சு அந்த வண்டியில் பட்டதில்லை. கிழிசல் கப்பலில் வரும்போது ஆணியில் மாட்டியதாக இருக்கும். அதற்கெல்லாம் கண்ணீர் விடாதே.

இங்கே சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, நகர முடியவில்லை. நோன்புப் பெருநாளுக்குப் பார்ப்போம். மகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
காஜா முகைதீன்.


மேலப்பாளையம்,
1913 ஆகஸ்டு 20.

மச்சான் அவர்களுக்கு ஸலாம். உங்கள் உம்மா மௌத்தான துக்கத்துக்கு வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனீர்கள். அது ஆயிற்று இரண்டு வருஷம். அதற்குப் பிறகு வந்தது இந்தச் சிவப்பு வண்டிதான்.

போன ஆனியில் பச்சை வண்டி படுத்துவிட்டது. கொட்டகையில் அதை ஓரமாகத் தள்ளி, சிவப்பை விட்டிருக்கிறோம். நம் வீட்டில் இரண்டு மோட்டார் என்று டவுண் வரைக்கும் பேச்சு. கல்யாண வீட்டுக்குப் போனால் எனக்கு முதல் பாய் விரிக்கிறார்கள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். இன்னும் இரண்டு வண்டி வந்த பிறகு என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முப்பிடாதி வாயை அடக்கத் தெரியாதவன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "இது புதுசு இல்லம்மா, நாலு வருசம் ஓடித் தேஞ்ச வண்டியாக்கும். பின்சீட்டு இடது பக்கம் பாருங்க, ஆளு உக்காந்து உக்காந்து பள்ளம் விழுந்து கெடக்கு" என்றான். "போலே, ஒனக்கு என்ன தெரியும்? ஒன் வேலையப் பாரு" என்று திரைக்குள்ளிருந்தே அதட்டினேன். அவன் போய்விட்டான், பள்ளம் போகவில்லை.

இதிலும் திரை இருக்கிறது. இதிலும் இடது பக்கம் கிழிந்து, அதே கோழிக்கால் தையல். இரண்டு கப்பலிலும் ஒரே ஆணியா மச்சான்? வேடிக்கைக்குக் கேட்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் என் மனசு ஆறிவிடும்.

சித்தி ஜனாபாவும் இந்த வருஷம் திரைக்குள் வந்துவிட்டாள். இனி தெருவில் ஓட முடியாது. வண்டிச் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து வாசல் பக்கம் போகிறாள், பிறகு அவளே திரும்பி வந்துவிடுகிறாள்.

உங்கள்
மைதீன் பாத்திமா.


கொழும்பு,
1913 செப்டம்பர் 9.

மைதீன் பாத்திமாவுக்கு ஸலாம்.

வண்டி ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்டுப் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. என் வியாபாரக் கூட்டாளி வீட்டார் ஒரு விசேஷத்துக்கு இரண்டு நாள் வண்டியை இரவல் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்குள் இத்தனை ஆராய்ச்சியா?

நீ கவலைப்பட வேண்டியது ஒன்றுதான், மகளுக்கு நல்ல இடம். நிக்காஹ் நாளைக் குறித்து எனக்கு எழுது. நானே வந்து முன்னின்று அவளைப் பிடித்துக் கொடுப்பேன். இது என் வாக்கு. வாப்பா வருகிறேன் என்று அவளிடம் சொல்.

காஜா முகைதீன்.


மேலப்பாளையம்,
1917 ஜனவரி 28.

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

பங்குனியில் நிக்காஹ் என்று போன ஆவணியிலேயே எழுதினேன். மாப்பிள்ளை பேட்டையில் நூல் கடை வைத்திருப்பவர், நல்ல குணம் என்றும் எழுதினேன். "கல்யாணத்துக்கு என் அன்பளிப்பாகக் கறுப்பு வண்டி வருகிறது, என்னால் வர இயலாது போலிருக்கிறது" என்று நாலு வரி எழுதிவிட்டீர்கள். வண்டியும் வந்துவிட்டது. சித்தி ஜனாபா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஊர்கோலத்துக்கு மூன்று வண்டியும் போக வேண்டும், பச்சையைத் தள்ளிக்கொண்டாவது போகலாம் என்றான் தம்பி. சரி என்று மூன்று வண்டித் திரையையும் நானும் மகளுமாகக் கழற்றித் துவைத்தோம். காய்ந்ததும் கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போது, மூன்று இடது பக்கத் திரையும் ஒன்றன்மேல் ஒன்றாக என் மடியில் இருந்தது.

மூன்றிலும் அதே தையல். பச்சையில் இரண்டு சாண் உயரத்தில். சிவப்பில் இரண்டரைச் சாண். கறுப்பில் மூன்று சாண்.

ஆணி வளருமா மச்சான்?

நானும் மகளை வைத்துக்கொண்டு திரைக்குள் உட்கார்ந்தவள்தான். பிள்ளைகள் தையல் மூட்டில் விரலை விட்டு நெம்பி, கண்ணை வைத்துத் தெருவைப் பார்க்கும். சித்தி ஜனாபாவும் வலது பக்கத்தில் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறாள், நான் எத்தனையோ தடவை தைத்திருக்கிறேன். இடது பக்கத்தில் பார்த்த பிள்ளை வேறு. அதன் உம்மாவும் என்னைப் போலவே ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். தையல்காரன் கைக்கு மோதிரம் போடலாம் என்று நான் எழுதினேனே, வாசித்துச் சிரித்தீர்களா? மோதிரம் ஏற்கனவே போட்டாயிற்று என்று நினைத்தீர்களா?

அங்கே அவர்களுக்குப் புது வண்டி வாங்குகிறபோதெல்லாம் பழையது இங்கே வந்திருக்கிறது. என் வீட்டுக் கொட்டகையில் நிற்பது அவள் ஏறி இறங்கிக் கழித்தது. அதற்குத்தான் நான் ஊரில் முதல் பாயில் உட்கார்ந்தேன். இரண்டாவது நிக்காஹ் செய்யக்கூடாது என்று யார் சொன்னது? சொல்லிச் செய்திருந்தால் நாலு நாள் அழுதிருப்பேன், பிறகு அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன். இத்தனை வருஷம் என்னைப் பைத்தியக்காரியாக வைத்திருந்தீர்களே, அதுதான் வயிறு எரிகிறது.

மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மூன்று திரையையும் சுவரோடு பிடித்துப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். எழுதுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று கேட்கிறேன். நிக்காஹுக்கு வாருங்கள். எனக்காக வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வாப்பா வருவார் என்று ஒன்பது வயதிலிருந்து காத்திருக்கிற பிள்ளை, ஒரு நாள் வந்து அவள் பக்கத்தில் நில்லுங்கள். வந்தால், திரையைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டேன்.

மைதீன் பாத்திமா.


கொழும்பு,
1917 பிப்ரவரி 26.

மைதீன் பாத்திமாவுக்கு ஸலாம்.

துணியை மடியில் வைத்துக்கொண்டு புருஷனை விசாரணை செய்துவிட்டாய். மார்க்கத்துக்கு விரோதமாக நான் எதுவும் செய்யவில்லை. உன் மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை. மூன்று வண்டியும் நல்ல வண்டி. கொழும்பிலேயே கேட்டவர்கள் இருந்தார்கள், கொடுக்காமல் உனக்கு அனுப்பினேன். அதை நினைத்துப் பார்த்தாயா?

பிள்ளை பெயர் சபீதா. பதினொரு வயது. குறும்புக்காரி.

வருவதற்கு ஆசைதான். ஆனால் ஜெர்மன் சண்டை காரணமாகக் கடலில் வெடி மிதப்பதாக இங்கே ஒரே பேச்சு. குடும்பஸ்தன், பயப்படாமல் இருக்க முடியுமா? ஆகையால் பெண்ணின் வாப்பா ஸ்தானத்தில் உன் தம்பி நின்று நடத்திக்கொள்ளும்படி சம்மதக் கடிதம் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நிக்காஹ் ஓதுகிற லெப்பையிடம் காட்டினால் போதும்.

இன்னொரு சமாசாரம். சண்டையினால் புது வண்டி ஒன்றும் இங்கே வந்து இறங்கவில்லை. கறுப்பு வண்டியை அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன். சபீதா ஓதுகிற பள்ளி தூரம், பிள்ளை வெயிலில் நடக்கிறாள். கல்யாணம் முடிந்ததும் அந்த ஒரு வண்டியைத் தூத்துக்குடி வழியாகத் திருப்பி அனுப்பி வைக்கவும். மற்ற இரண்டும் உனக்கே.

காஜா முகைதீன்.


மேலப்பாளையம்,
1917 ஏப்ரல் 10.

காஜா முகைதீன் அவர்களுக்கு,

ஸலாம். சித்தி ஜனாபாவின் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. உங்கள் சம்மதக் கடிதத்தை லெப்பை சபையில் வாசித்தார். தம்பி முன்னின்றான். கடிதம் வாசித்தபோது அவள் உள்ளே என் தோளில் சாய்ந்து இருந்தாள். அழவில்லை. "போதும்மா, இனி வாசல்ல போயி நிக்க வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஊர்கோலத்துக்கு மோட்டார் வண்டி எதுவும் போகவில்லை. தம்பி வீட்டு மாட்டு வண்டியில் புதுத் திரை கட்டி அனுப்பினேன். வேறு யாரும் உட்காராத வண்டி வேண்டும் என்று அவள் கேட்டாள். அப்படி ஒரு வண்டி ஊரில் கிடையாது, அதனால் திரையாவது புதிதாக இருக்கட்டும் என்று தறியிலிருந்து நேரே எடுத்து வந்து தைத்தேன்.

கடலில் வெடி மிதக்கிறது என்று நீங்கள் வரவில்லை. அதே கடலில் வண்டியை அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்பிவிட்டேன். ஒன்றல்ல, மூன்றையும். சிவப்பையும் கறுப்பையும் முப்பிடாதி தூத்துக்குடிக்கு ஓட்டிப்போனான். பச்சை நகராது. மகளைக் கொண்டுபோய் விட்டுவந்த அதே மாட்டை முன்னால் கட்டி, ஆற்றுப் பாலம் தாண்டி ரெயிலடி வரை இழுத்துப்போய், கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள். அது வந்தபோது கூடின ஊர் போகும்போதும் கூடியது. "என்ன வே, மோட்டாரு மாட்டுக்குப் பின்னால போவுது" என்று யாரோ சிரித்தார்கள். நான் இந்தத் தடவை திரைக்குள் இருந்து கேட்கவில்லை. வாசலில் நின்று கேட்டேன். கொட்டகையில் தம்பி இரண்டு தறி போடப்போகிறான்.

கறுப்பு வண்டியின் இடது பக்கத் திரையைப் பாருங்கள். மூன்று சாண் உயரத்தில் பழைய தையலைப் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஓரம் மடித்து, மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்திருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. தைத்தது சித்தி ஜனாபா. கைக்கு மருதாணி இடுவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து தைத்தாள். சபீதாவிடம் காட்டுங்கள். ஊரிலிருந்து உனக்கு மூத்த ராத்தா ஒருத்தி தைத்து அனுப்பினாள், இனி விரலை விட்டு நெம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைமீது எங்களுக்குக் கோபம் இல்லை. அதன் உம்மாவும் இந்தக் கடிதத்தைப் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் அவள் கைத்தையல் நல்ல தையல் என்று நான் முன்பு சொன்னது சொன்னதுதான்.

ஜமாஅத்தில் என் பங்குக்கு ஒன்று கேட்டிருக்கிறேன். நிக்காஹில் நீங்கள் எனக்கு எழுதிய மஹரை விட்டுக்கொடுத்து, உங்களிடமிருந்து விலகிக்கொள்ளக் குலா கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பி முதலில் சத்தம் போட்டான், பிறகு அவனே காகிதம் வாங்கி வந்தான். இனி உங்கள் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

சம்மதக் கடிதம் எழுதுவது உங்களுக்குப் பழக்கம்தானே. இரண்டு சாட்சி வைத்து இதற்கும் ஒன்று எழுதி அனுப்பிவிடுங்கள். நேரில் வர வேண்டாம்.

சித்தி ஜனாபாவின் உம்மா,
மைதீன் பாத்திமா.