சிரித்தவனுக்கும் ஒரு பன்

இன்று காலை இளைஞர் நீதிக் குழுமத்தின் வாசலில் யாரோ பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் வந்ததும் உன்னைத்தான் தேடினேன். நீ இங்கே நன்னடத்தை அலுவலராக இருந்தவரை உன் பையில் கேஸ் கட்டு இருந்ததோ இல்லையோ, பன் இருக்கும். "பசியில கீற புள்ளகிட்ட இன்னா கேட்டாலும் வயிறுதான் பதில் சொல்லும்" என்பாய். உளவியல் படித்தவள் என்று என்னைக் கேலி செய்துகொண்டே எனக்கும் பாதி தருவாய்.

உள்ளே பதினாறு வயதுப் பையன் ஒருவன். ஷிப்டு முடிந்து சுங்குவார்சத்திரத்தில் பஸ் இறங்கிய தொழிலாளியிடம் கூட்டாளிகளோடு சேர்ந்து போனைப் பறிக்கும்போது கத்தியால் குத்தியிருக்கிறான். அவர் இன்னும் ஆஸ்பத்திரியில். இவனைச் சிறுவனாகவே வைத்து இங்கே விசாரிப்பதா, பெரியவர்களைப் போல விசாரிக்க மேலே அனுப்புவதா என்பதற்கு நான்தான் கருத்து எழுதித் தர வேண்டும். பையனோ கேட்டதற்கெல்லாம் சிரித்தான்.

"பாத்தீங்களா மேடம், குத்திட்டு சிரிச்சிகினு கீறான். இவனா சின்னப் புள்ள?" என்றார் மஃப்டியில் வந்திருந்த போலீஸ்காரர்.

அந்த வல்லம் வடகால் பையன் நினைவிருக்கிறதா உனக்கு? தொழிற்சாலையில் காப்பர் வயர் திருடப் போய், வாட்ச்மேன் தலையில் கம்பியால் அடித்தவன். அவனும் இப்படித்தான் இளித்துக்கொண்டு நின்றான். எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நீ எழுந்து மாஜிஸ்திரேட்டிடம், "பயத்துல வாய் இழுத்துகினு கீது சார். கொஞ்ச நேரம் குடுங்க" என்று சொல்லி அவனை வெளியே கூட்டிப்போனாய். பாதி பன்னைத் தின்றவன் மீதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அந்த வாட்ச்மேன் தாத்தா கண்ணு முழிச்சாராக்கா?" அதன் பிறகு அவன் அழுத அழுகையை உன்னாலேயே நிறுத்த முடியவில்லை. இன்று அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்க்கிறான். எந்தக் கம்பெனி என்று எவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இன்று நானும் பன் வாங்கிக் கொடுத்தேன். "இது இன்னா கேன்டீனா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பையன் முழுதாகத் தின்றான். எதுவும் கேட்கவில்லை, அழவில்லை. மறுபடியும் சிரித்தான். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"மனசு இளகவேயில்லன்னு எழுதிடுங்க மேடம்" என்றார் போலீஸ்காரர்.

வந்ததே எனக்குக் கோபம். "போன வருசம் என் சிநேகிதி லாரில அடிபட்டு போய்ட்டா, இன்னிக்கி அடக்கம்னு அவ அண்ணன் போன் பண்ணாரு. நான் சிரிச்சேன் சார். நிறுத்த முடியாம சிரிச்சேன். எனக்கு துக்கமே இல்லன்னு எழுதுவீங்களா?"

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணன் அன்று என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது கத்தியை எடுத்தவன் இவன், தனியாக இருந்தால் எடுத்திருக்க மாட்டான், இவன் சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், இங்கேயே விசாரியுங்கள் என்று. குத்துப்பட்டவரின் மனைவி வாசலில் என்னைச் சபித்தாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனாலும் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

குழுமம் திங்கட்கிழமை முடிவு சொல்லும். அன்றைக்குப் பையில் இரண்டு பன் எடுத்துப்போகிறேன். ஒன்று அவனுக்கு, சிரித்தாலும் சரி. மற்றதில் பாதியை நான் தின்பேன். மீதிப் பாதியை யார் கேட்டாலும் தர மாட்டேன்.