வண்டி யார் வீட்டில் நிற்பது

சித்தூர்
3 ஜூலை 2025

மரியாதைக்குரிய வஸுமதி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாரே லோகேஸ்வரன், அவருடைய மனைவி நளினி நான். நீங்கள் கொடுத்த காபியை வீட்டுக்கு வந்தும் புகழ்ந்துகொண்டிருந்தார். நம்மைப் போலத் தமிழ்க்காரர்கள் என்றும் சொன்னார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். விலாசம் அவர் கொண்டுவந்த ஆர்.சி. நகலில் இருந்தது. போன் நம்பர் உங்கள் வீட்டுக்காரருடையதுதான் இருக்கிறது. அதில் கூப்பிட்டால் இவர் காதுக்குப் போய்விடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாடல் எஞ்சினுக்குள் ஒரு பேரிங் இருக்கிறதாம். அது தேய்ந்தால் வெளியே சத்தம்கூட வராதாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகிப்போய் வண்டி நின்றுவிடுமாம். இதை எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை, இவரேதான். போனில் வீடியோ போட்டுக் காட்டிவிட்டுச் சிரிக்கிறார். "எல்லா வண்டிக்கும் அப்படி ஆவாது நளினி. சும்மா பயந்துகினே இருந்தா வூட்டு வாசப்படிகூடத் தாண்ட முடியாது" என்கிறார்.

அவர் மேலும் தப்பில்லை. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒரு நல்ல சட்டைகூட எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஒன்றைத்தான் ஆசையாகக் கேட்கிறார். ஆனால் அவர் அதில் தினம் போகப்போவது லாரி ஓடும் சித்தூர்–திருப்பதி ரோடு. எங்கள் பெண் ஸ்ரீஜா, நைனா பக்கத்தில் முதலில் நான்தான் உட்காருவேன் என்று இப்போதே குதிக்கிறாள்.

உங்கள் வண்டிக்கு அப்படி எப்போதாவது ஆனதா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி போதும். நான் வேலை செய்யும் பள்ளிக்கூட விலாசம் கீழே இருக்கிறது, அதற்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
நளினி


திருச்சானூர்
7 ஜூலை 2025

சௌபாக்கியவதி நளினிக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. கையால் எழுதின கடிதம் வந்து எவ்வளவு நாளாயிற்று. தபால்காரர் சுரேஷ்பாபுவே அதிசயமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அம்மா என்று எழுதியிருந்தாய். இங்கே எல்லோருக்கும் நான் மாமிதான், நீயும் அப்படியே கூப்பிடு.

இது எங்கள் பிள்ளை அச்சுத் பெங்களூரில் வாங்கின வண்டி. அவன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நிறுத்த இடமில்லை என்று இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறான். பேப்பரெல்லாம் மாமா பேரில்தான். வண்டியைத் துடைத்து, உறை போட்டு, குழந்தை மாதிரி வைத்திருக்கிறான். சனிக்கிழமை வந்தால் அம்மா எப்படி இருக்கே என்று கேட்கிறதுக்கு முன்னால் வண்டிச் சாவியைத்தான் தேடுகிறான். என்ன சொல்லி என்ன, வளர்ந்த பிள்ளை.

எஞ்சின் விஷயம் எனக்கு என்ன தெரியும். எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் மாமா சொல்கிறார். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உன் ஆத்துக்காரர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் சீக்கிரம் எடுத்துக்கொள்ளச் சொல். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாலேயே என்றால் ரொம்ப நல்லது.

ஸ்ரீஜாவுக்கு என் ஆசி.

வஸுமதி


சித்தூர்
10 ஜூலை 2025

அன்புள்ள மாமிக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தை மூன்று பீரியட் நடுவில் ஒளித்து ஒளித்துப் படித்தேன். நல்ல வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லையே மாமி. "மாமா சொல்கிறார்" என்கிறீர்கள். சனிக்கிழமைக்கு முன்னால் என்கிறீர்கள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போகட்டும். இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று நான் அழுததில் இவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிரித்தால் கெட்டுவிடுமாம், அதற்கு மனசில்லை. "பிரிக்கறது இன்னாத்துக்கு? பெரியவரு காணிப்பாக்கத்துல வந்து ஒரு சத்தியம் பண்ணட்டும், வண்டி ஒரு நாளும் வழியில நிக்கலன்னு. அதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?" என்றார்.

எங்கள் பக்கம் நிலத் தகராறோ, திருட்டோ, எதுவானாலும் கடைசியில் காணிப்பாக்கம்தான். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொல்ல எவனுக்கும் துணிச்சல் வராது. கோர்ட்டில் ஜெயித்தவன்கூடக் குளத்துப் படியிலிருந்தே திரும்பி வந்ததை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டாராம். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் வருகிறேன் என்றாராம். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. அதைக் கேட்டதும்தான் எனக்குச் சோறு இறங்கியது. திருச்சானூர் தாயார் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர் சத்தியம் செய்கிறேன் என்றால், வண்டி நல்ல வண்டியாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கே எடுத்து வருவதாக ஏற்பாடு. திரும்பும்போது ஸ்ரீஜாவை அதிலேயே உட்காரவைத்துக்கொண்டு வரப்போகிறார். பயந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
நளினி


திருச்சானூர்
14 ஜூலை 2025

அன்பான நளினிக்கு,

இதை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் என்னோடு நானே சண்டை போட்டேன். ஸ்ரீஜா அதில் உட்கார்ந்து வரப்போகிறாள் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

வண்டி நின்றது. போன மாசியில், பாக்கராபேட்டை மலைப்பாதை இறக்கத்தில். அச்சுத் தனியாக வந்துகொண்டிருந்தான். திடீரென்று எஞ்சின் பூட்டிக்கொண்டது. பிரேக் கல்லாகிவிட்டது, ஸ்டியரிங் திரும்பவில்லை. பின்னால் ஒரு லாரி. அந்த டிரைவர் தன் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து இடித்ததால் என் பிள்ளை எனக்கு இருக்கிறான். பெங்களூரில் பேரிங் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் தேய்ந்த இரும்புத்தூள் எஞ்சின் முழுக்கப் போயிருக்கும், நாளைக்கே நிற்கலாம், நிற்காமலும் இருக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்படியும் சனிக்கிழமை ஆனால் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். சாவியை ஒளித்து வைத்தேன், அவனிடம் இன்னொன்று இருக்கிறது. அவன் ரேணிகுண்டா வரை போய்த் திரும்புகிற வரைக்கும் நான் வாசலைவிட்டு நகருவதில்லை.

மாமா கெட்டவர் இல்லை. வண்டி இந்த வாசலைவிட்டுப் போனால் பிள்ளை பிழைப்பான், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, உன் கடிதம் வருகிற வரை.

சத்தியத்தை நம்பாதே. எங்களவர்கள் பெருமாள் சந்நிதி தவிர இன்னொரு சந்நிதிக்குப் போகிறதில்லை, எங்கள் வழி அப்படி. மாமா இத்தனை வருஷத்தில் காணிப்பாக்கத்தை எட்டிப் பார்த்ததில்லை. நான் கேட்டபோது என்ன சொன்னார் தெரியுமா? "முழுகச் சொன்னா முழுகறேன், சொல்லச் சொன்னா சொல்றேன். அந்த சத்தியம் நம்மைக் கட்டாது, வஸு" என்றார். எந்த சாமியாக இருந்தால் என்ன, ஒரு குழந்தை அதில் ஏறப்போகிறதே.

வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் எழுதினேன் என்றே சொல். வருகிறது வரட்டும்.

வஸுமதி


சித்தூர்
19 ஜூலை 2025

என் மாமிக்கு,

கடிதம் புதன்கிழமையே கிடைத்தது. அன்றைக்கே இவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பையன் வண்டிய விக்க அந்தம்மாவுக்கு மனசு வரல, அதான் இப்பிடி எழுதறாங்க. பெரியவரு சொல்றது பொய்யா இருந்தா கொளத்துல முழுக வருவாரா?" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. காணிப்பாக்கத்துக்கு மேல் ஒரு சாட்சி உண்டு என்று அவரை நம்பவைக்க என்னால் முடியவில்லை. போன வாரம் வரை நானும் அப்படித்தானே இருந்தேன்.

நேற்றுப் போனோம். ஸ்ரீஜாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் அந்த வண்டியிலேயே வந்தார். முழுகினார். ஈர வேட்டியோடு சந்நிதி முன்னால் வந்து நின்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவர் கை கூப்பிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்கப்போன நேரத்தில் நான் குறுக்கே போனேன்.

"ஐயா, இங்க வேணாம். திருச்சானூர் தாயாரு பேர்ல சொல்லுங்க, வண்டி வழியில நின்னதே இல்லன்னு. அது போதும், நாங்க சந்தோசமா எடுத்துக்கினு போறோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேல்துண்டைப் பிழிந்தார். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இந்த வண்டி வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இவர் கோயிலைவிட்டு வெளியே வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீஜாவைத் தூக்கி வைத்துக்கொண்டார், இறக்கவே இல்லை. சோறு துன்ன வாங்க என்று கூப்பிட்டதற்குக்கூட வரவில்லை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது மாமி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது, வண்டி திரும்ப உங்கள் வாசலுக்குத்தானே போய்க்கொண்டிருக்கிறது. நான் தேங்காய் உடைத்தது எதற்கு என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இன்றைக்குச் சனிக்கிழமை. அச்சுத் வந்துவிட்டாரா? காலையிலிருந்து எதிலும் மனசு இல்லை. ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்,
நளினி


திருச்சானூர்
28 ஜூலை 2025

என் கண்ணான நளினிக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மாமா அன்றைக்கு ஈரம் உலராமலேயே வந்து சேர்ந்தார். நான்தான் எழுதினேன் என்று அவருக்குத் தெரியும். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தளிகை பண்ணி வைத்தால் சாப்பிடுகிறார், தீர்த்தம் வேண்டுமென்றால் தானே எடுத்துக்கொள்கிறார். நீ கேட்ட அந்தக் கேள்வியை அவர் தாங்கவில்லை என்று தெரிகிறது. சாயங்காலம் தாயார் சந்நிதிக்குப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

சனிக்கிழமை அச்சுத் வந்தான். அவனுக்குத் தெரியாமல் வண்டியை விற்கப் பார்த்தது முதல் எல்லாவற்றையும் மாமா அவனிடம் சொன்னார், சத்தியம் உட்பட. அவன் சிரித்தான். "ஒண்ணும் ஆகாதும்மா, கொஞ்ச தூரம் போய்ட்டு வந்துடறேன்" என்று உறையை உருவினான்.

நான் அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறினதில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். "அம்மா, என்ன இது, இறங்கு" என்றான். நான் இறங்கவில்லை. என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை. கடைசியில் கிளப்பினான். நீ பார்த்திருக்க வேண்டும், நம் ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. அவனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என் பக்கம் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினான். ரேணிகுண்டா வரை போகவில்லை, பாதியிலேயே திருப்பிவிட்டான்.

இனி எடுக்க மாட்டான் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நேற்று முன்தினமும் எடுத்தான். நானும் போனேன். இடம் குறுகல்தான், முழங்கால் வலிக்கிறது. இறங்கின பிறகும் அந்த எஞ்சின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சீட் பெல்ட்டை இப்போது நானே போட்டுக்கொள்கிறேன்.

வஸுமதி