தெப்ராவ் மண்டபத்தில் எச்சில் கொடுத்த கதை

பெர்மாஸ் ஜெயா, ஜொகூர்,
சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள்

அன்பு மகள் சுகந்தினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முறுக்கிக்கொள்கிறது, டப்ளின் குளிரில் உன்னைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கோலாலம்பூரிலிருந்து லோஷினி என்று ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்தாள், நம் யாழ்ப்பாணத் தமிழர்கள் ஆதியில் எங்கிருந்து வந்தவர்கள் என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறாளாம், அதற்கு எல்லோரும் ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டுமாம். உன் அம்மா சும்மா இருப்பாளா, நம் யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு தெப்ராவ் மண்டபத்தில் கூட்டிவிட்டேன். துப்பும்வரை எதையும் வாயில் போடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன், நம் செயலாளர் சிவகணேசன் வடையை மென்றுகொண்டே வரிசையில் வந்து நின்றார், அவரை வாய் கொப்பளிக்கவைத்து ஓரமாக உட்காரவைத்தேன்.

முதல் ஆளாக நானே துப்பினேன். பாட்டன் பாட்டிமார் நான்கு பேருக்கும் எந்த ஊர் என்று அவள் கேட்க, காரைநகர், காரைநகர், வட்டுக்கோட்டை, சுழிபுரம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். உலு திராமில் ஒரு சீனக் காய்கறித் தோட்டக் குடும்பத்திடமிருந்து என்னைக் கைக்குழந்தையாக வாங்கி வந்து வளர்த்தவர்கள்தான் உன் தாத்தா ஐயாத்துரையும் அம்மம்மா திலகமும் என்பது எனக்கு அந்த நேரம் ஞாபகமே வரவில்லை, பக்கத்தில் நின்ற உன் அப்பாவுக்கும் வரவில்லை, மண்டபத்தில் ஒருவருக்கும் வரவில்லை! என் முகத்தைப் பார்த்ததும் லோஷினிக்குச் சந்தேகம் வந்ததாம், கேட்டால் மரியாதையாக இருக்காது, ஊரெல்லாம் சரியாகத்தானே சொல்கிறார் என்று விட்டுவிட்டாளாம்.

போன மாதம் அவள் போன் செய்தாள். உங்க குழாய் மட்டும் தென்சீனான்னு காட்டுது ஆண்ட்டி, எங்கயோ மாறிப்போச்சு போல என்று பாவம் பதறினாள். ஐயோ அலமாக், நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். சாரி ஆண்ட்டி, அப்போ உங்களோடத சேர்க்க முடியாதே என்றாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது சுகந்தினி. கூட்டத்தைக் கூட்டியவள் நான், அந்தக் கூட்டத்தில் நான் இல்லையாம். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சிவகணேசன் லோஷினிக்கே போன் போட்டு, அக்காவச் சேக்கலைன்னா எங்க எச்சிலயும் திருப்பிக் குடுத்துடுங்க லா என்று ஒரே சண்டை. நான்தான் அவரை அதட்டினேன், அந்தப் பிள்ளை தன் வேலையைச் செய்கிறது, எச்சில் சொல்வதை எச்சில் சொல்லட்டும், சங்கத்திலிருந்து என்னை யார் அசைப்பது என்று.

ஆனால் என்னைப் பெற்றவளைப் பற்றி அதுவரை நான் நினைத்ததேயில்லை. இப்போது நினைக்காத நாளில்லை. நேற்று சித்திரா பௌர்ணமிக்கு, தாயை இழந்தவர்கள் இருக்கும் விரதத்தை வழக்கம்போல் உன் அம்மம்மாவுக்காக இருந்து கோயிலுக்குப் போனேன். அது முடிந்ததும் இன்னோர் அர்ச்சனைத் தட்டு வாங்கினேன், பெற்றவள் இருக்கிறாளோ இல்லையோ, எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இரண்டும் தெரியாது ஐயா, சந்திரமதியின் தாய் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் அப்படியே சொல்லிப் பூசை செய்தார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நோய் நொடியில்லாமல், மனம் நிறைந்து நீ நெடுநாள் வாழ வேண்டும் மகளே. வைட்டமின் மாத்திரையை மறக்காதே. அங்கே யாராவது உன் முகத்தைப் பார்த்து நீ எந்த ஊர் என்று கேட்டால் ஜொகூர் என்று சொல், அதற்குமேல் கேட்டால் எனக்குப் போன் போடச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சந்திரமதி யோகேந்திரன்