இரண்டு நொடி மிச்சம்

12 மார்ச், வியாழன்

மாலை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, டிவியில செய்தி வாசிக்கிறது நீங்கதானே?" என்று ஒருவர் வந்து நின்றார். பெயர் செல்வம். இங்கே சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. போர் நடக்கும் அந்தத் துறைமுக ஊரில், ஒரு ஹோட்டலில் அவர் தம்பி வேலை செய்கிறாராம். முந்தாநாள் குண்டு விழுந்ததிலிருந்து ஃபோன் எடுக்கவில்லையாம்.

"ஊர்ல அம்மா ஒரே அழுகை. ஆயுதக் கிடங்குலதான் குண்டு விழுந்துச்சு, ஜனங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு நேத்து நீங்க வாசிச்சீங்கல்ல, அந்த வீடியோவை அனுப்பினேன். அப்புறம்தான் சாப்பிட்டாங்க. ரொம்ப தேங்க்ஸ்க்கா."

அது குண்டு போட்ட ராணுவமே சொன்னது. ஊருக்குள் ஒரு நிருபரைக்கூட அவர்கள் விடவில்லை. எங்களுக்கு வந்தது அவர்களுடைய அறிக்கை மட்டும்தான். 'என்று ராணுவம் தெரிவித்தது' என்றுதான் செய்திப் பிரதியில் இருந்தது. விளையாட்டுச் செய்திக்கு இரண்டு நொடி குறைகிறது என்றார்கள். நான்தான் அதை நீக்கிவிட்டு வாசித்தேன்.

செல்வத்திடம் இதைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "உங்க தம்பி ஃபோன் பண்ணிடுவாரு, கவலைப்படாதீங்க" என்றேன், செய்தி வாசிக்கும் அதே குரலில்.

நேற்றைய செய்தியையாவது ராணுவம் தந்தது. இந்த உறுதியை எனக்கு யாருமே தரவில்லை.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "நீங்களே சொல்லிட்டீங்க. இருங்கக்கா, அம்மாகிட்ட இப்பவே சொல்லிடறேன்" என்று ஃபோனை எடுத்தார்.

நான் தடுக்கவில்லை.