அப்பாவின் படத்தில் சிவப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

அப்பாவுக்கு ஒரு வாரமாகத் தலைச்சுற்றல். அவர் காவலாளியாக இருக்கும் ஸ்கேன் நிலையத்திலேயே இன்று தலையைப் படம் எடுத்தார்கள். ஊசி மருந்து போடும் முன் ஒன்று, போட்டபின் ஒன்று. கணினி இரண்டையும் ஒப்பிட்டு, மருந்து தேங்கிய இடத்துக்குச் சிவப்பு பூசிக் காட்டும். திரையில் அப்பாவின் மூளையைச் சுற்றிலும் சிவப்பு!

"நடுவுல தலையை ஆட்டினீங்களா அண்ணே?" என்றார் படம் எடுக்கும் அக்கா.

"தும்மல் வந்துடுச்சும்மா."

"கேட்ல ஒருத்தரையும் அசைய விட மாட்டீங்க. உங்க தலை உங்க பேச்சைக் கேட்கலையே!"

தலை நகர்ந்ததால் வந்த பொய்ச் சிவப்பாம். அக்கா சிரித்தபடியே இரண்டு படங்களையும் சரியாகப் பொருத்தினார். சிவப்பு மறைந்தது. காதுக்குப் பின்னால் பட்டாணி அளவுச் சிவப்பு மட்டும் மறையவில்லை. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லாதே" என்றார் அப்பா. போன வருடம் அவர் விழுந்தபோது எடுத்த ஸ்கேன் ஊரில் நம் வீட்டு பீரோவில் இருக்கிறது. அந்தப் பட்டாணி அப்போதே இருந்ததா என்று டாக்டர் பார்க்க வேண்டுமாம். தபாலில் அனுப்பாதே அம்மா, நீயே எடுத்துக்கொண்டு வா. என் கம்பளிச் சட்டையையும் கொண்டுவா.

உன் மகள்.

இதை எழுதும் ஸ்கேன் நிலையக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.