டர்னிப் போட்ட எல்க் ஸ்டூ

அன்பு மகளே,

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்குப் புண் ஆறிவிட்டது. ஆனால் ஒரு காலை எடுத்த பிறகு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. செயற்கைக் கால் என்று பேச்செடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று ஜன்னல் திரையைக்கூட விலக்க விடவில்லை.

ஞாயிறன்று எல்க் மான் கறியில் ஸ்டூ வைத்தேன். பன்றிக் கொழுப்பில் கறியைச் சிவக்க வறுத்து, மாவு சேர்க்காமல், காளானோடு மதியம் முழுக்கச் சிறுதீயில் வேகவிட்டேன். அவருடைய சர்க்கரைக்கு ஆகாதென்று உருளைக்கிழங்குக்குப் பதில் டர்னிப்.

"கிழங்க எங்கடி ஒளிச்சு வச்ச?" என்றார்.

"டாக்டரு தின்னுட்டாரு. பேசாம சாப்பிடுய்யா."

கொஞ்ச நேரத்தில் எலும்புச் சில்லு ஒன்று அவர் பல்லில் தட்டியது.

"தோள் எலும்புல சுட்டு நல்ல கறியக் கெடுத்திருக்கான். எந்த மடையன்? பக்கத்து வீட்டு ஓர்வில்லா?"

"நான்தான். ஓர்வில் கூட வந்தான், அவ்வளவுதான்."

இத்தனை வருடம் அவரோடு வேட்டைக்கு மலையேறியிருக்கிறேனே தவிர, நான் சுட்டதில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"துப்பாக்கி உதைச்சிருக்குமே?"

"தோளு இன்னும் நீலமாத்தான் இருக்கு."

கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அதையும் முடித்துவிட்டு, "அந்தக் கால் அளவெடுக்கிறவனுக்குப் போன் போடு. அடுத்த வருஷமும் உன்னத் தனியா விட்டா ஒரு மான் உருப்படியா வீடு வந்து சேராது" என்றார்.

வியாழக்கிழமை கால் அளவெடுக்க மிசௌலா நகரத்துக்குப் போகிறோம். ஈஸ்டருக்கு நீ வரும்போது அவரேதான் கதவைத் திறப்பாராம். நேரமாகும். மணியை மறுபடி அடிக்காமல் பொறுமையாக நில்.

முத்தங்களுடன்,
அம்மா