ஹரி, சேர்

2025 மார்ச் 3, திங்கள்

துணிக்கடையின் வாகனத் தரிப்பிடத்தில் இன்றைக்கு மூன்று பேம்பர்ஸ். பிள்ளைக்கு மாற்றிவிட்டுக் கார்க் கண்ணாடியை இறக்கி வெளியே போட்டிருக்கிறார்கள். குளிரூட்டிய கார், ரிமோட்டில் திறக்கிற கதவு, உள்ளே இருக்கிற பிறவிகள் இப்படி. வெற்றிலை துப்பிய சிவப்பைப் பற்றி எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். எழுதினால் கொப்பி போதாது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒருவன் மெஷின் வைத்துத் தொழில் தொடங்கியிருக்கிறானாம். இலையை இங்கிருந்து ஊதி அடுத்த கடை வடிகானுக்குள் தள்ளுவது – அதற்குப் பெயர் சுத்தம். செய்யட்டும். எனக்கு நான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற இரண்டு பேரும் ஈர்க்கு விளக்குமாறும் போதும்.

புதுவருஷ வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. சாமான் வேன்கள் விடிந்ததும் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் கூட்டி, எட்டரைக்குக் கடை திறக்குமுன் முடிக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

துணிக்கடை மெனேஜர் இன்றைக்கும் அதே சென்ட். தலையிடி.

மார்ச் 8, சனி

பரிமளம் எனக்குப் பாடம் எடுத்தாள். வத்தேகமையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கூட்டுகிறவள், வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், இந்த ஹரி சொல்றத நிப்பாட்டணும்."

சிங்களத்தில் சரி என்பதற்குச் சொல்கிற சொல், அதில் என்ன என்றேன்.

"பஸ்ஸுல கண்டக்டர் ஹரின்னா பஸ் போகுது. இங்க வேன் பின்னுக்கு எடுக்கிறப்ப ஹரின்னா போதும், நில்லுன்னு அர்த்தம். கூட்டி முடிஞ்சுதான்னு கேட்டா அதுக்கும் ஹரின்னுதான் சொல்றோம். எந்த ஹரி எதுக்குன்னு டிரைவருக்கு எப்படி வெளங்கும்? கூட்டி முடியிற வரைக்கும் வாசலுக்கு ஒரு சங்கிலி போட்டுட்டா வேனெல்லாம் வெளிய நிக்கும்."

"இது என்ன ரயில்வே கேட்டா?" என்று கேட்டேன். மற்றவன், முத்துலிங்கம், சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நாலாம் வகுப்போடு நின்றவள் சிங்களத்துக்குப் பொருள் சொல்கிறாள். ஓரஞ்ச் ஜெக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வழி மறித்து வைக்கக் கோன் இருக்கிறது. எண்ணெய் சிந்தினால் போட மரத்தூள் மூட்டையில் இருக்கிறது. இதற்கு மேலும் என்ன பாதுகாப்பு? வேன்களை வெளியே மறித்தால் மெனேஜர் என்னையும் சேர்த்து வெளியே மறிப்பார். அது இவளுக்கு எங்கே தெரியப் போகிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஏப்ரலோடு துணிக்கடைத் துப்புரவு ஒப்பந்தம் முடிகிறது. மெனேஜரிடம் ஞாபகப்படுத்தினேன். கதிரையைச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டு, பார்ப்போம் என்றார். பில்லில் எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாது, பார்ப்பாராம். "நான் கோல் எடுத்தா உடனே ஆன்சர் பண்ண வேணும்" என்பது அடுத்த கட்டளை.

பல் வைத்தியர் இடத்தையும் கல்யாண மண்டபத்தையும் கூட்டிக் கிடைப்பது சம்பளத்துக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும். எனக்கென்று ஏதாவது மிஞ்சுவது துணிக்கடையில் மட்டும்தான். அது போனால் மறுபடியும் எவனுடைய கந்தோரிலாவது போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

மார்ச் 15, சனி

காலை ஏழு இருபது. பரிமளம் ஒரு வேனுக்குப் பின்னால் குனிந்து உடைந்த கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் ருஷ்தி பின்னுக்கு எடுத்தான். வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உயிருக்கு ஒன்றுமில்லை.

கண்ணை எங்கே வைத்திருந்தானோ. நோன்பு பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு ஓட்டினால் இப்படித்தான். மெனேஜரும் அதையே சொன்னார். பொலிஸ் அவன் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது. நல்ல வேலை.

நான் போனில் இருந்தேன். ஒன்றும் பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பார்க்கவில்லை என்று எழுதியது உண்மை. பார்க்கத்தான் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

ருஷ்தியின் மனைவி வீட்டுக்கு வந்தாள். பஸீஹா என்று பெயர். இடுப்பில் ஒரு பிள்ளை. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், அவர் ஹரிண்டு சத்தம் கேட்ட பொறகுதான் எடுத்தாராம். பின்னால பொம்புளக் கொரல். கூட்டுற அம்மாதான் முடிஞ்சுண்டு சொன்னாண்டு நெனச்சிட்டார். அந்த அம்மா தான் சொல்லல்லண்டு சொல்லிட்டாங்க. இப்ப அவர் பொய் சொல்ற மாதிரி ஆகிட்டு. தூங்கிட்டு ஓட்டினாருண்டு கதைக்கிறாங்க. பெருநாளும் வருது, வேலயும் இல்ல. ஒங்கட ஆளுங்கள்ட்டக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

கேட்கிறேன் என்றேன். முகத்தைப் பார்த்து, வாயால் சொன்னேன். சீ.

எழுதித் தொலை, நிரோஷினி. வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை காலை, மெனேஜர் போனில். திங்கட்கிழமையிலிருந்து ஏழு மணிக்கே முடித்துவிட வேண்டும் என்றார். முடியாது என்று தெரியும். "ஹரி, சேர்" என்றேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. "ஹரி, ஹரி" – அவருக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாக, வேனின் பின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு பரிமளம் கத்தினாள்.

அந்த மனுஷனை நான் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இந்தக் கொப்பி முழுக்க அவரைக் கிழித்திருக்கிறேன். போனில் மட்டும் ஹரி சேர். தூங்கினான் என்று பொலிஸுக்கு முன்னால் தலையாட்டியவளும் நான்தான். அவன் எவ்வளவு கவனமாக நின்று, சத்தம் கேட்டபிறகு எடுத்திருக்கிறான்.

சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் அவன் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பார்கள். நான் யோசிக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

மெனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு கடதாசி, ஒரே பின்னில். மேலே, டிரைவர் எவருடைய சைகையும் இல்லாமல் தன் பாட்டில் பின்னுக்கு எடுத்தார் என்று சிங்களத்தில் டைப் செய்த கடிதம், கீழே என் பெயர். அடியில், இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். கடைப் பெயர் எங்கும் இழுபடக் கூடாதாம், இரண்டிலும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுத் தரட்டாம். வீட்டில் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்து வந்தேன்.

பேனா மேசையில் கிடக்கிறது. போடவில்லை. கிழிக்கவும் இல்லை. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 21, வெள்ளி

பரிமளத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு மிஸ்."

"பொலிஸ் என்ன கேட்டாங்க?"

"ஹரி சொன்னது நீயான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். அப்ப யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்." தோடம்பழப் பையைத் தலையணைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். "நாலு வருஷமா ஒங்ககிட்ட வேலை செய்றேன். எனக்கு ஒங்க கொரல் தெரியாதா மிஸ்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆறு நாளாச்சு."

வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

பொலிஸுக்குப் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்ட சார்ஜன்ட் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். "போனில் இருக்கிற ஆளுக்குச் சொன்ன ஹரியா?" பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். மெனேஜரின் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன், கையெழுத்தில்லாமல்.

வழக்கு எப்படியும் நடக்கும் என்றார்கள். ஆனால் என் வாக்குமூலமும் சேரும், என் பெயரும் சேரும். ருஷ்தியின் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் கிடைக்கும்வரை அவனைக் களஞ்சிய வேலையில் வைத்துக்கொள்கிறாராம். பஸீஹா போனில் சொன்னாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 25, செவ்வாய்

மெனேஜரிடமிருந்து ஒரு வரி. ஏப்ரலுக்குப் பிறகு நான் வர வேண்டாம், மே மாதத்திலிருந்து மெஷின்காரன்.

மே 5, திங்கள்

முத்துலிங்கத்துக்கு இரண்டு பேர் வேலை. சம்பளம் கொடுக்க ஒருவருக்குத்தான் இருக்கிறது, பரிமளக்காவுக்கு வேலை செய்யாவிட்டாலும் பாதிச் சம்பளம் போகிறது. ஆகவே இன்றிலிருந்து விளக்குமாறு என் கையில். பத்து மணிக்குள் இடுப்பு விட்டுப்போனது. கூட்டும்போது போன் கிடையாது, சைகை கையால் மட்டும், மண்டப வாசலுக்குச் சங்கிலி. மண்டபக்காரர் முணுமுணுத்தார். அப்படியென்றால் வேறு ஆள் பாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 14, சனி

மண்டபத்துக்குக் கதிரை ஏற்றிய வேன் வந்தது. ஓட்டி வந்தது ருஷ்தி. லைசென்ஸ் போன வாரம்தான் கையில் கிடைத்ததாம்.

கூட்டி முடித்திருந்தோம். பின்பக்கம் முழுவதும் நடந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, "பின்னால ஒருத்தரும் இல்ல ருஷ்தி, நீங்க எடுக்கலாம்" என்றேன்.

"சரி மிஸ்" என்றான், மரியாதையாக. எஞ்சினை நிறுத்தினான். இறங்கி, என்னைத் தாண்டி வேனைச் சுற்றிப் பின்னால் போனான். குனிந்து சக்கரங்களுக்கு நடுவில் பார்த்தான். திரும்பி வந்து ஏறினான்.

அதற்குப் பிறகுதான் எடுத்தான். நான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.